ஒருவேளை சாரும் தங்கச்சி பாலிசியும்

தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும், ஜனங்கள் கை கால் உடையாமல் நடமாடுவதைப் பார்த்து நம்ப முடியாமல் நின்ற ஒரே மனிதர் ஒருவேளை சார்தான். நிஜப்பேர் யாருக்கும் தெரியாது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை "ஒருவேளை".

பெருங்களத்தூரில் நான் மெஸ் நடத்துகிறேன். என் சாம்பாரைக் குறை சொன்னவர் இன்னும் பிறக்கவில்லை. முதல் நாள் அவர் மெஸ் வாசலில் நின்று, "ஒருவேளை..." என்று இழுத்தார்.

"ஒருவேளைதான் சார், மத்தியானம் மட்டும். உக்காருங்க," என்று இலையைப் போட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். "ஒருவேளை இந்த ஈரத்துல யாராவது வழுக்கி விழுந்தா?"

"நீங்க விழலையே."

"அதாம்மா கவலை."

அதற்கப்புறம் தினமும் வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டார். குக்கர் விசில் அடித்தால் இலையோடு எழுந்து நிற்பார். மீன் சாப்பிடுகிற ஆளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் பாதியில் தயிர்சாதத்துக்கு மாறிவிடுவான்.

எனக்குப் பாடமும் எடுத்தார். "சாப்பிட வந்தவங்க விழுந்தா ஒரு பாலிசிம்மா. வேலை செய்யறவங்க விழுந்தா வேற பாலிசி."

"எல்லாரும் விழறது ஒரே தரைதானே சார்?"

"தரை ஒண்ணுதான். கேஸ் வேற வேற."

ஃபாரத்தை விரித்து, வேலையாட்கள் எத்தனை பேர் என்றார். யாருமில்லை என்றேன். அப்போ அடுப்படியில் நிற்கிறது யார் என்றார்.

"அது என் தங்கச்சி ஸ்டெல்லா."

ஸ்டெல்லா பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் குங்குமம். பத்து வருஷமாக என்னோடு வேகிறாள். அவளை வேலைக்காரி என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

"தங்கச்சிக்குக் கால் போனா நீங்க அழலாம்மா. தொழிலாளிக்குப் போனாதான் கம்பெனி பணம் தரும்," என்றார்.

ஒரு வாரம் சண்டை. அவர் வாயை மூடத்தான் ஸ்டெல்லாவைத் தொழிலாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டார்.

மழைக்காலம் வந்தது. ஸ்டெல்லா கஞ்சி வடிக்கத் தவலையைச் சாய்த்தவள் வழுக்கினாள். கொதிக்கிற கஞ்சி முழுசும் வலது காலில். இரண்டு மாசம் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் நின்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, படுத்த படுக்கையாக ஒரு மாமியார். ஒருவேளை சாருக்கு ஆள் அனுப்பினேன். சொன்னது பலித்துவிட்டதே, குதிப்பார் என்று பார்த்தால், மனிதர் வெளுத்துப்போய் வந்து நின்றார்.

விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். காலில் கட்டோடு ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க உங்களுக்கு யாரு?" என்று என்னைக் காட்டி அவளைக் கேட்டார்.

"எங்க அக்கா சார். கூடப் பொறந்தவகூட இப்டி பாத்துக்க மாட்டா. எனக்கும் இந்த மெஸ் எங்க வூடு மாறிதான் கீது."

எழுதின பேனா நின்றது. "சொந்தமா? அப்போ சம்பளம் கிடையாதா?"

பின்னால் ஒருவேளை சார் இருமினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற மாதிரி இருமினார்.

"சொந்தம்லாம் இல்ல சார். இவ என்கிட்ட வேலை செய்றவ. மாசாமாசம் சம்பளம் குடுக்கறேன்," என்றேன். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா சார்," என்றாள் அவள். "அத்தச் சொல்ல இன்னா இம்மா நேரம்?"

ஆஸ்பத்திரிச் செலவும், நிற்காத நாளுக்கெல்லாம் கூலியும் வந்து சேர்ந்தன. சேதி சொல்ல வந்த ஒருவேளை சார் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட பாலிசி எடுத்த யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லம்மா. நெஜமாவே பணம் தருவாங்களான்னு எனக்கே தெரியாது," என்றார்.

இதுகூடத் தெரியாமலா ஊரையே பயமுறுத்தினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா நொண்டிக்கொண்டே போய் அவருக்கு இலை போட்டாள். நான் அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கு மட்டும் புதுசாக அப்பளம் பொரித்தேன்.