எட்டு வீட்டுக்கும் ஒரே பேர்

இணைய வள்ளல் என்றொரு இனம் உண்டு; நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நம்முடைய வள்ளல் இரண்டாம் மாடி. தன் இணைப்பை ஒரு ப்ராக்ஸி வைத்துக் கட்டடத்தின் எட்டு வீட்டுக்கும் திறந்துவிட்டு, யாரும் கேட்காமலே விளக்கமும் சொல்வார்: "நீங்க எதைத் தேடினாலும் என் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர் வழியாத்தான் வெளியே போகும். உலகத்துக்கு உங்க பேரே தெரியாது, என் பேர்தான் தெரியும். எவ்வளவு பாதுகாப்பு பாருங்க."

யாருக்குப் பாதுகாப்பு? அந்தக் கேள்விக்கெல்லாம் அவருக்கு நேரம் கிடையாது.

"யார் எங்க போனாங்கன்னு கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கும். சத்தியமா நான் எதையும் பாக்குறதில்ல" என்றும் சேர்த்துக்கொள்வார். அப்படிப் பார்க்காத மனிதர்தான் படிக்கட்டில் தையற்காரரை மறித்து, "அந்த முழங்கால் பட்டையை வாங்காதீங்க, சுத்த ஏமாத்து" என்பார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத முழங்காலைத் தையற்காரர் குனிந்து பார்த்துக்கொள்வார். டீச்சரம்மாவிடம், "வழுக்கைக்கு வைத்தியமே கிடையாதும்மா, சார்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க" என்பார். அவ்வளவு அக்கறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளலின் மேனேஜர் போன் பண்ணினார். கம்பெனியின் புகார்ப் பக்கத்தில், 'மேனேஜர் மீட்டிங்கில் தூங்குகிறார், தன் குறட்டையைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளச் சொல்கிறார்' என்று யாரோ பேர் போடாமல் எழுதியிருந்தார்கள். அது கிளம்பிய இடம் வள்ளலின் இணைப்பு.

"நான் இல்ல சார். எட்டு வீட்ல யாரோ."

"யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

இருபது வருஷ வேலை. வள்ளல் எட்டு வீட்டாரையும் தன் அறையில் கூட்டி, "எழுதினவங்க ஒத்துக்குங்க. இல்லேன்னா பதிவைத் திறப்பேன். அதுல உங்க வரி ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம்" என்று உளறிக் கொட்டினார்.

"அப்ப திறங்க" என்றார் டீச்சரம்மா, குரலை உயர்த்தாமல்.

திறந்தார். அந்தத் தேதி, அந்த நேரம், இரண்டாம் மாடி, சமையலறை போன். தன் வீட்டு வரிகளை மட்டும் வள்ளல் ஒருநாளும் படித்ததில்லை. அதில் என்ன சுவாரஸ்யம்?

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தினமும் சாப்பிடும்போது நீங்க சொல்றதைத்தானே எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டல."

சாயங்காலம் வள்ளல் மேனேஜருக்குப் போன் போட்டு, "நான்தான் சார்" என்றார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை என்று நேற்று வருத்தப்பட்டீர்களே, அவரே சொல்லாததை உங்களிடம் சொன்னது யார்?