ராஜபார்ட்டுக்கு வசனம் கொடுத்த பல்கலைக்கழகம்

தைனான்,
மாட்சு அம்மன் பிறந்தநாளுக்கு முந்தின வாரம்

கீலுங்கில் இருக்கும் பெரிய மதினி அவர்களுக்கு, கெங்-தாய் தலைவணங்கி எழுதுவது. அங்கே மழை விட்டதா, தங்கள் முழங்கால் வலி குறைந்ததா, சகலை அண்ணன் இன்னும் தூண்டிலோடுதான் அலைகிறாரா என்று அறிய ஆவல். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தங்கள் தங்கை, என் வீட்டுக்காரி சியோக்-புன்னுக்கு வாயடைத்துவிட்டது. போனில் சொன்னால் அவள் காதில் விழுந்துவிடும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் பல்கலைக்கழகத்தால் வந்தது மதினி. நம் நாடகக் குழுவும் அவர்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதாக ஒப்பந்தம் போட்டோம், போட்டோ எடுத்தார்கள், நானும் கோட்டு மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினேன். பேராசிரியர் தியென் நல்ல மனிதர், அதுதான் தொல்லையே, கெட்டவராக இருந்தால் அன்றே விரட்டியிருப்பேன். முதல் நாளே "நாடகத்தோட பிரதி குடுங்கண்ணே" என்றார். பிரதிக்கு நான் எங்கே போவேன்? மத்தியானம் நான் கதையைச் சொல்வேன், யார் யாரைக் காதலிக்கிறார், யார் சாகிறார், எங்கே அழ வேண்டும் என்று; உடனே எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிடப் போய்விடுவார்கள்; சாயங்காலம் கோயில் மேடையில் ஏறி அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், பாடுவார்கள், நான் மேளத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடுவேன். நம் பிழைப்பு தங்களுக்குத் தெரியாததா!

சரி என்று அவரே எல்லோர் கழுத்திலும் மைக் மாட்டினார். ஒருநாள் ராஜபார்ட் கட்டி நின்ற சியோக்-புன்னிடம், "அம்மா, போன வாரம் இந்த இடத்துல 'நிலவே சாட்சி'ன்னீங்க, இன்னிக்கு 'விளக்கே சாட்சி'ங்கறீங்க. எதும்மா சரி?" என்று கேட்டார். "போன வாரம் நிலா இருந்துச்சு சார். இன்னிக்கு ஒரே மேகம், நான் என்ன செய்ய?" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் அவள் பேசியது அத்தனையும், இருமியது உட்பட, தலையணை மாதிரி ஒரு புத்தகமாக வந்து இறங்கியது.

அன்றோடு நிம்மதி போயிற்று. முதலில் படித்துப் படித்துச் சிரித்தாள். "ஏங்க, இவ்ளோ நல்லாவா பேசியிருக்கேன்?" என்றாள். மறுநாள் முகம் மாறிவிட்டது. "இனிமே இதைவிடக் குறைச்சலாப் பேசினா சிரிப்பாங்கல்ல?" என்றாள். பிறகு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் மீன் கஞ்சி தீய்கிறது, இவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தன் வசனத்தைத் தானே மறந்து நிற்கிறாள். மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லாதவரை மறதியும் இல்லை. நேற்று ஒத்திகையில் வாயே திறக்கவில்லை. "நடுவுல நின்னுட்டேன்னா இந்த வேஷத்தை அதோட கலைச்சிருவேன், மறுபடி போட மாட்டேன்" என்கிறாள். சொன்னால் செய்பவள். மதினி, எனக்குப் பயமாக இருக்கிறது. ராஜபார்ட் இல்லாத அவளை எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தாங்கள் ஒரு காலத்தில் கட்டிய வேஷம்தானே, முழங்காலைப் பார்க்காமல் உடனே புறப்பட்டு வந்து அம்மன் பிறந்தநாள் நாடகத்துக்கு இந்த ஒரு முறை கட்டிக் கொடுத்தால் குழுவும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் சங்காத்தமே இனி வேண்டாம் என்று தியெனிடம் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் மாட்சு அம்மன் துணையிருக்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு.

தங்கள் வருகையை நோக்கி வாசலிலேயே நிற்கும்
கெங்-தாய்

பின்குறிப்பு: வர வேண்டாம் மதினி. கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், அம்மன் பிறந்தநாள் நேற்றே முடிந்துவிட்டது. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். நேற்று மேடையில், காதலியைப் பிரியும் இடத்தில் அவள் வசனம் மறந்து நின்றேவிட்டாள். நான் மேளத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தியென் பொறுக்க முடியாமல் எழுந்து, புத்தகத்தை விரித்து அவள் வரியை உரக்கப் படித்துவிட்டார். படக்கென்று திரும்பினாள். "யாரடா அவன், அரசன் வாய் திறக்குமுன் வாய் திறக்கும் மந்திரி? என் காதலிக்கு நான் சொல்ல வேண்டியதை நீ ஏட்டைப் பார்த்துப் படிக்கிறாயா? அவளை நீயே கட்டிக்கொள்கிறாயா?" என்றாள். அந்த மனிதர் புத்தகத்தை மூடிக் கைகூப்பி, "மன்னிக்கணும் மகாராஜா, எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். கோயில் வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு அவளை நிறுத்த ஆளில்லை, எனக்கு மேளம் அடித்தபடியே அழுகை வந்துவிட்டது. கோயில்காரர்கள் நாளைக்கும் ஆடச் சொல்லிவிட்டார்கள், மந்திரியோடு. காலையிலிருந்து தியென் நம் வீட்டுச் சமையலறையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார். சியோக்-புன் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். "அண்ணே, நாளைக்கு நான் என்ன பேசணும்? ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.