குதிரைக் கதையில் நீதி பொறுக்கியவர்

நாவல் படிக்கிறவர்களில் கதைக்காகப் படிக்கிறவர்கள் உண்டு. பொழுது போகப் படிக்கிறவர்கள் உண்டு. நாலு பக்கத்தில் தூக்கம் வரும் என்று நம்பிப் படிக்கிற உத்தமர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறார். இல்லையென்றால் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் நீதி பொறுக்குகிறவர். புத்தகத்தைச் சுளகில் கொட்டி, அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ளும் இனம். கட்டிக்கொண்டு சும்மா இருப்பாரா? எதிர்ப்படுகிறவர் மேலெல்லாம் எறிவார்.

புதுக்கோட்டையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஆத்மநாதன் இந்த இனத்தில் முதல் தரம். சமஸ்தான ஆட்சி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம், நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தார். ஒரு ஜட்கா வண்டிக் குதிரை, தன் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தவர்கள் பேசிய பேச்சையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு, அவரவர் யோக்கியதையை நமக்குச் சொல்லுகிற நாவல். சிரிக்கவும் அழவும் அதில் நிறைய இருந்தது. ஆத்மநாதன் இரண்டையும் செய்யவில்லை. முதல் அத்தியாயம் முடிவதற்குள் சிவப்பு மையைத் திறந்து, பத்திரத்தில் நிபந்தனை எழுதிப் பழகிய கையால் நீதிகளை ஷரத்து ஷரத்தாகப் போட ஆரம்பித்துவிட்டார்.

குதிரைக்குக் கண்ணில் மறைப்புக் கட்டியிருந்தார்கள் என்று வந்ததா? "ஷரத்து ஒன்று: மனிதன் அக்கம்பக்கம் பார்க்கலாகாது." குதிரை கொள்ளுக்காகக் கனைத்ததா? "ஷரத்து ஏழு: வேண்டியதை வாய்விட்டுக் கேள்." இன்னொரு நாள் கனைக்காமல் நின்றதா? "ஷரத்து எட்டு: வாயை மூடிக்கொண்டிரு." ஏழும் எட்டும் முட்டிக்கொள்கின்றனவே என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்பது பிறந்திருக்கும்.

கீரனூரிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்த மீனம்மாளுக்கு முக்கால் மணி நேரம் குதிரையின் பெருந்தன்மை சொல்லப்பட்டது. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் குருத எந்த ஊருங்கய்யா?" என்றாள்.

"ஊரா முக்கியம்? அது சொல்ற தத்துவம்தான் முக்கியம்!"

"சரிங்கய்யா. கெணத்துல எனக்குப் பாதின்னு மட்டும் மறக்காம எழுதிருங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போகணும்."

ஆத்மநாதனைத் தினமும் திருக்கோகர்ணத்திலிருந்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போன ஜட்காக்காரன் பிச்சைமுத்து மட்டும் வேறு மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் கதைக்கு ஏங்குகிற ஆள். அவனுடைய குதிரைக்கு மைனா என்று பேர். மைனா ஓடினால் வீட்டில் ஆறு பேருக்குச் சோறு.

"ஐயா, அந்தக் குருதைக்கு வயித்துல சூலை வந்து நடுத்தெருவுல படுத்துருச்சுன்னு சொன்னீங்களே, அப்பறம் என்னாச்சுங்க? பொழச்சுச்சுங்களா?"

"படுத்தது பெரிசில்ல பிச்சைமுத்து. படுக்கும்போது அது முனகல பாத்தியா, அதுதான் ஷரத்து இருபத்திரெண்டு."

"சரிங்க. பொழச்சுச்சுங்களா?"

ஆத்மநாதன், நேரமாகிறது, வண்டியை விரட்டு என்றார். விஷயம் இதுதான்: அவர் அதற்குமேல் படிக்கவில்லை. எழுபத்து நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டார். இருபத்திரண்டு ஷரத்து ஒரு தாலுகாவையே திருத்தப் போதுமே, பாக்கிப் பக்கங்கள் எதற்கு?

அவர் கீழே வைத்த புத்தகத்தை அவர் மனைவி உண்ணாமலை எடுத்தாள். இரண்டு மத்தியானத்தில் முடித்தாள். ஒரு இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு இடத்தில் சிரித்துப் புரையேறியது. யாருக்கும் எதுவும் உபதேசிக்கவில்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆத்மநாதன் வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பிச்சைமுத்து துண்டு கூட இல்லாமல் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்தான்.

"ஐயா, மைனா படுத்துருச்சுங்க! வயிறு பான கணக்கா உப்பிப்போயி, மண்ணுல கெடந்து பொரளுது. ஒங்க பொஸ்தகத்துல அந்தக் குருதைக்கு என்ன பண்ணுனாங்க? சொல்லுங்க, ஓடிப்போயிப் பண்றேன்!"

ஆத்மநாதன் வாயைத் திறந்தார். பழக்கத்தில் ஒரே ஒரு சொல் வந்தது.

"பொறுமை..."

"பொறுமையா இருந்தாங்களா? எம்புட்டு நேரங்க?"

கேலியில்லை. அந்த மனிதன் உண்மையாகவே மணிக்கணக்குக் கேட்டான். சோப்பு நுரை பாதி முகத்தில் காய, ஆத்மநாதன் உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்தார். எழுபத்தைந்தைப் புரட்டினார். குதிரை ஏதோ பழைய நினைவில் இருந்தது. எழுபத்தாறிலும் அதே நினைவு. இருபத்திரண்டு ஷரத்தில் ஒன்றாவது ஒரு வேளை மருந்துக்கு ஆகுமா என்று மனசு தேடியது. ஒன்றும் ஆகவில்லை.

"அங்கன தேடாதீங்க. தொண்ணூத்தி ஒண்ணுல இருக்கு," என்றாள் உண்ணாமலை, அடுப்படியிலிருந்து வந்துகொண்டே. "பிச்சைமுத்தண்ணே, குருதையப் படுக்க விடாதீங்க. பொரண்டா கொடலு முறுக்கிக்குமாம். எழுப்பி அங்கிட்டும் இங்கிட்டுமா மெல்ல நடத்துங்க. தீனி காட்டிராதீங்க. இவுக போயி மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டியாரட்டும்."

"நானா?" என்றார் ஆத்மநாதன்.

"நீங்கதான். சைக்கிள எடுங்க."

பாதிச் சவரத்தோடு ஒருவர் சைக்கிள் மிதிப்பதைத் திருக்கோகர்ணம் அன்றுதான் பார்த்தது. டாக்டர் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். குழாய் வைத்து மருந்து இறக்கினார். "இந்த நடத்துற பக்குவம் சொன்னது யாரு? படுக்க விட்டிருந்தா நான் வந்து பிரயோசனமில்ல," என்றார். இன்னும் நடத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

வெயில் ஏறியது. பிச்சைமுத்துவின் கால் தள்ளாடியபோது ஆத்மநாதன் கயிற்றை வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாக அந்தக் குதிரையின் பின்னால் உட்கார்ந்து போனவர், அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தார். இமையில் ஈரம். ஒவ்வொரு அடிக்கும் அது அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை உபதேசம் இல்லை! உண்ணாமலைக்குப் பயமாகிவிட்டது; மோர் கொண்டுவந்து கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மதியம் ஒரு மணிக்கு மைனா லத்தி போட்டது; குடல் திறந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தோடு லத்தியை யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். பிச்சைமுத்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆத்மநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எழுபத்தைந்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்தார். கண்ணைத் துடைத்தார்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டாள் உண்ணாமலை. அதே புத்தகத்தைப் படித்த இன்னொரு ஆள் கிடைத்த ஆசை அவள் குரலில் இருந்தது.

"ரொம்ப நல்லாயிருக்கு." புத்தகத்தை மூடினார். "ஆனா பாரு உண்ணாமலை, இதுலேருந்து நாம தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா..."

அவள் எழுந்து போய்விட்டாள். இவர் சிவப்பு மையைத் திறந்தார். "ஷரத்து இருபத்து மூன்று: எடுத்த புத்தகத்தை முழுக்கப் படி." மறுநாள் அதை முதலில் கேட்டவன், எழுதப் படிக்கத் தெரியாத பிச்சைமுத்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆத்மநாதனைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "இதை ஒருத்தர் அவசியம் படிக்கவேண்டும், அவருக்குத்தான் உறைக்கவேண்டும்" என்று ஒரு ஆளை நினைத்துக்கொண்டீர்களா இல்லையா?

மைத்துனர்தானே?