திங்கட்கிழமைக்குள் என்னைக் கொன்றுவிடவும்

தொடர் இயக்குநரும், என் மனைவியின் ஒரே தம்பியுமான தங்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். தாங்களும் தங்கள் தொடரும் நலமாக நீண்டுகொண்டே போவதை அன்றாடம் படுத்தபடியே அறிந்துவருகிறேன். தங்களை இதுவரை 'டேய்' என்றே அழைத்துவந்தவன் இன்று 'தாங்கள்' என்று எழுதுவது மரியாதை கூடியதால் அன்று, கோபம் கூடியதால்.

நான் கேட்டது பத்து நாள் விடுப்பு. திரைப்படம் ஒன்றில் வழக்கறிஞர் வேடம். நீதிமன்றத்தில் நான் ஒருவனே நின்று வாதாடும் நீண்ட காட்சி. "யாரது?", "உள்ள வா", "இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்க" என்ற மூன்று வசனங்களுக்குள் தொலைக்காட்சியில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு, இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று அதை நாக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு, அது என்ன வாய்ப்பு என்று தங்களுக்குத் தெரியாததல்ல. "தாராளமா போய்ட்டு வாங்க அத்தான், கதையில சமாளிச்சுக்கறேன்" என்றீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் மாடிப்படி தயாராக இருந்தது. கதைப்படி என் மருமகள் பிடித்துத் தள்ள, நான் உருண்டு கோமாவுக்குப் போனேன். விடுப்புக் கேட்கும் நடிகரை வெளியூர் அனுப்புவதும் விபத்தில் சாகடிப்பதும் நம் தொழிலில் உள்ள வழக்கம்தான். கோமாவில் போட்டுவிட்டு, "எல்லாரும் உங்களைச் சுத்தி நின்னுதான் சண்டை போடறாங்க, அதனால முகம் மட்டும் தினமும் வேணும் அத்தான்" என்று விடிந்ததும் வண்டி அனுப்புவது தாங்களே கண்டுபிடித்த கொடுமை.

"படுத்துக்கிட்டே சம்பளம், இன்னும் என்னதான் வேணுமாம்?" என்கிறார் தங்கள் அக்கா. அவர் வந்து படுத்துப் பார்க்கட்டும். கட்டிலுக்கு அடியில் உதவி இயக்குநர் ஒருவர் படுத்து ஊர் வசனத்தையெல்லாம் என் காதுக்குள் எடுத்துக்கொடுக்கிறார். மருமகளுக்கு மனப்பாடமாகாத வசனத் தாள்கள் என் மார்பில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவர் மாமனாரின் நெஞ்சைப் பார்த்து உருகுவதாக நினைத்து நேயர்கள் கண்ணீர் விடுகிறார்கள், அவரோ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். மூக்கில் ஈ உட்கார்ந்தபோது நான் இமைகூட அசைக்கவில்லை. தாங்கள் பாராட்டினீர்கள், ஈயை. "ஈ ரொம்ப இயல்பா இருந்துச்சு, இன்னொரு டேக் போலாம்" என்று அது திரும்பி வரும்வரை எல்லோரையும் காக்கவைத்தீர்கள். ஒருநாள் உண்மையிலேயே தூங்கிவிட்டேன். "அத்தான், கோமாவுல இருக்கறவங்க குறட்டை விடமாட்டாங்க" என்றீர்கள். "உனக்கெப்படிடா தெரியும், நீ இருந்து பாத்தியா?" என்று நான் எழுந்து உட்கார்ந்து கேட்க, கேமரா ஓடிக்கொண்டிருந்ததாம், அதற்கும் நான்தான் குற்றவாளி. தெருவிலாவது நிம்மதி உண்டா என்றால், காய்கறிக் கடையில் ஒரு அம்மாள், "ஐயையோ, நீங்க நடமாடறது மருமகளுக்குத் தெரியுமா? அங்க அவ சொத்தையெல்லாம் எழுதி வாங்கறா!" என்று அலறி, என் கையிலிருந்த முட்டைக்கோஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் படுக்கச் சொன்னார்.

இவை அனைத்தையும் பொறுத்தேன். தாடி விஷயத்தைப் பொறுக்கமாட்டேன். திரைப்படம் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளிப் போக, படுக்கையில் வளர்ந்த தாடி இப்போது நெஞ்சைத் தொடுகிறது. "வக்கீலுக்கு முகம் மழமழன்னு இருக்கணும் சார். திங்கக்கிழமை ஷூட்டிங். தாடியோட வந்தீங்கன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்று திரைப்பட இயக்குநர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தங்களிடம் வந்தேன். "கோமாவுல கிடக்கறவருக்கு யாரு அத்தான் ஷேவ் பண்ணிவிட்டதுன்னு ஜனங்க கேப்பாங்களே" என்றீர்கள். மாடியிலிருந்து உருண்டவனுக்கு ஒரு கீறல்கூட இல்லையே என்று கேட்காத ஜனங்கள் முகச்சவரத்தைப் பற்றிக் கேட்பார்களாம்! நர்ஸ் செய்ததாக வைத்துக்கொள் என்றேன். "நர்ஸும் வில்லிதான அத்தான், அவ எதுக்கு உங்களுக்கு நல்லது பண்ணப்போறா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனீர்கள்.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். திங்கட்கிழமைக்குள் கதையில் என்னைக் கொன்றுவிடவும். என் மரணக் காட்சியை நானே எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். கண்விழித்து நான்கு பக்கம் பேசிவிட்டு இறக்கிறேன், அவசியமென்றால் மூன்றரையாகக் குறைத்துக்கொள்ளலாம். மறுத்தாலும் கவலையில்லை. முடிதிருத்துபவர் வந்து கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டார். நாளை முதல் என் இடத்தில் ஒரு தலையணையைப் படுக்கவையுங்கள். தாளை ஒட்ட இடமிருந்தால் மருமகளுக்கு அதுவே போதும். என் குரலைக் கேட்டபின் திரையுலகம் என்னைத் திரும்ப விடாது என்பதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை.

தங்கள் தொடர் ஆயிரமாவது பகுதியைக் காணட்டும். அதில் நான் கிடக்காமல் இருக்கட்டும். தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்களுக்குரியது, நான் செத்த செய்தி கிடைத்ததும் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
உணர்வோடும் உயிரோடும் இருக்கும் தங்கள் அத்தான்

பி.கு.: டேய், இப்பத்தான் சினிமாக்காரர் போன் பண்ணார். கோர்ட்ல ஹீரோவே வாதாடறதா மாத்திட்டாங்களாம். எனக்கு வேற ஏதாவது யோசிக்கறாராம். இந்தக் கடிதத்தைக் கிழிச்சுடலாம்னுதான் பார்த்தேன், நடை நல்லா வந்திருக்கு, மனசு வரலை. அதனால படிச்சுட்டு மறந்துடு. காலையில வழக்கம்போல வண்டி அனுப்பு. வலது கன்னத்துல தாடி போயிடுச்சு, இடதுபக்கம் அப்படியேதான் இருக்கு. கட்டிலை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லு.