எட்டுகளில் கடலும் தெருவும்

மான்களுக்குப் போக்குவரத்து அறிக்கை வாசித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தடி எட்டுக்காரர். வேறு யாராவது இருப்பதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இறங்குதுறைக்கு முன்னால் மீனுக்கு ஐஸ் விற்பவர். கனடாவில் நெடுங்காலம் டாக்ஸி ஓட்டியவர். ஊர் திரும்புகிறவர்கள் சொக்லேட் கொண்டு வருவார்கள். இவர் ஒரு பழக்கத்தைக் கொண்டு வந்தார். அங்கே வானொலியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக்குவரத்தும் வானிலையும் சொல்வார்களாம். வந்த மாதமே ஐஸ் பெட்டிக்கு மேலே ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டார்.

"வணக்கம். கடலும் தெருவும், எட்டுகளில்."

அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, எட்டு மணிக்கெண்டு சொன்னனீர்?"

"எட்டு மணி எண்டு நான் சொல்லேல்லையே, மாஸ்டர். எட்டிலை முடியிற நிமிஷமெல்லாம். எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு… ஐம்பத்தெட்டு வரைக்கும் போகும்."

"பத்து, இருபது எண்டு வைச்சால் ஆகாதோ?"

"பத்தை எல்லாரும் எடுத்திட்டினம். எட்டு சும்மா கிடந்தது."

எங்கள் ஊரில் மணிக்கு ஆறு தடவை சொல்லுமளவுக்குப் போக்குவரத்து ஏது? ஆகவே ஊருக்குள் திரியும் மான்களைச் சொன்னார். "பஸ் நிலையத்துக்கு முன்னால் ஐந்து மான்கள் படுத்திருக்கின்றன. எழும்பும் எண்ணம் தெரியவில்லை. கடல் அமைதி." எனக்குப் பொறுக்கவில்லை. போய் எண்ணினேன். ஆறு. மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னால், "எட்டு வரட்டும்" என்றார். எட்டு வந்தது. "திருத்தம். மான் ஆறு. எண்ணியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்." அன்றிலிருந்து சந்தையில் என் பெயர் மான் மாஸ்டர். சத்தம் அதிகம் என்று முறைப்பாடு கொடுக்கவே தீர்மானித்தேன்.

ஒருநாள் லொறியொன்று அவருடைய கடை வாசலையே மறித்து நின்றது. சாரதி பக்கத்தில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் வாய் திறக்காமல் பதினெட்டு வரும்வரை காத்திருந்து, மைக்கில்தான் சொன்னார். அதற்குள், வாங்க ஆள் வரமுடியாமல், பாதி ஐஸ் தண்ணீர்.

போன ஆடியில் என் மனைவி தங்கையைப் பார்க்க அக்கரை மூதூருக்குப் போனாள். பின்னேரப் படகில் வருவதாகப் பேச்சு. திடீரென்று மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிக் கடல் முழுக்க வெள்ளை நுரை. நேரம் தாண்டியும் படகைக் காணவில்லை. அவளுடைய தொலைபேசி எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. எட்டுக்காரரிடம் படகோட்டியின் இலக்கம் இருந்தது. போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

"என்னவாம்?"

"லைன் கிடைக்கேல்லை. எட்டிலை சொல்லுறன், மாஸ்டர்."

"இப்ப நாற்பத்தொண்டுதான். இன்னும் ஏழு நிமிஷம் பொறுக்க என்னாலை ஏலாது."

"இடையிலை சொன்னால் அது கதை. எட்டிலை சொன்னால்தான் செய்தி. இந்தக் கதிரையிலை இருங்கோ."

நான் இருக்கவில்லை. இறங்குதுறைப் பலகைகளை எண்ணினேன். வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணிக்கை தவறியது.

நாற்பத்தெட்டில் மைக்கை எடுத்தார். "மூதூர்ப் படகு பற்றித் தகவல் இல்லை. அடுத்தது ஐம்பத்தெட்டில்." மான்களைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டில் அவருடைய தொலைபேசி அடித்தது. கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தட்டினார்.

"படகு துறைமுக வாய்க்குள்ளை வந்திட்டுது. எல்லாரும் சுகம். மாஸ்டர், நீங்கள் மத்தியானம் சாப்பிட்டனீங்களோ எண்டு உங்கட மனிசி கேட்டவவாம்."

இறங்குதுறையே சிரித்தது. நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

ஐம்பத்தெட்டில், என் மனைவி கரையேறிக்கொண்டிருந்தபோது, தலை குனிந்தபடி வாசித்தார்: "முன்னைய அறிவிப்பு உரிய நேரத்துக்கு ஆறு நிமிடம் முந்தி வந்தமைக்கு வருந்துகிறோம். இனி இப்படி நடவாது."

முறைப்பாட்டை நான் கொடுக்கவில்லை. மான்கள் இப்போதும் பஸ் நிலையத்தடியில்தான் படுக்கின்றன. காலையில் நானே போய் இரண்டு தரம் எண்ணி, முதலாவது எட்டுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.