பதமாக வெந்த ஸ்டேக்

கறித்துண்டில் கத்தியை வைத்ததும் வாழைத்தண்டில் இறங்குவது போல் இறங்கிவிட்டது. கோதண்டபாணிக்குப் பகீரென்றது.

இன்னொரு ஓரத்தில் வெட்டிப் பார்த்தார். அங்கேயும் இறங்கியது. வாயில் போட்டார். உப்பு சரி, மிளகு சரி, வேக்காடு சரி. போச்சு, இன்றைக்குச் சண்டைக்கு வழியே இல்லை!

காந்தி ரோட்டில் பட்டுச்சேலைக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் பேரம், பேச்சு. கடையைப் பூட்டிவிட்டுப் போனால் வீட்டில் பதில் சொல்ல ஒரு பல்லிதான் உண்டு. மகன் பம்பாயில். சமையல்காரம்மாள் தட்டைத் தட்டால் மூடிவைத்துவிட்டு விளக்கு வைக்கும் முன்பே போய்விடுவாள். மனைவி பெரியநாயகி இருந்த காலத்தில், "குழம்புல உப்பு எங்கேடி?" என்று இவர் ஆரம்பிப்பார். "நாக்கைக் கழுவிக்கினு வாங்க, தெரியும்" என்று அவள் பிடித்துக்கொள்வாள். மோர்ச்சோறு வரைக்கும் நடக்கும். இப்போது மூடிய தட்டிடம் போய் யார் உப்பு கேட்பது?

இப்படி இருக்கும்போதுதான் வாலாஜாபாத் ரோட்டில் அந்த ஏ.சி. ஓட்டல் வந்தது. கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பித் திறந்தது. அவர்களோ கோபுரத்தைப் படம் பிடித்த கையோடு பஸ் ஏறி மகாபலிபுரம் போய்விட்டார்கள். அவர்கள் ஊரில் மாட்டில் செய்கிற ஸ்டேக்கை, கோயில் ஊராயிற்றே என்று ஆட்டுத்தொடையில் செய்து வைத்துக்கொண்டு, மேனேஜர் வரதராஜன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விலைக்கு அரை ஆடே வாங்கலாமே, கட்டுப்படியாவுமாய்யா?" என்று கடைத்தெருவே சிரித்தது.

கோதண்டபாணிக்குக் கட்டுப்படியானது. வியாழக்கிழமைதோறும் போவார். கறி வேகாமல் வரும். கத்துவார். வரதராஜன் ஓடிவந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சமாதானம் சொல்வார். திரும்ப வேகவைத்து வந்தால் செருப்புத் தோலாக இருக்கும். மறுபடி கத்தல், மறுபடி சமாதானம். நடுவில் மழை, சரிகை விலை, பம்பாய் மருமகள் எல்லாம் பேசித் தீர்ந்துவிடும்.

இன்றைக்குப் பார்த்துப் பதமாக வெந்து தொலைத்திருக்கிறது.

அவர் விடவில்லை. "சின்னப்பையா!"

பேரர் வந்தார். பெயர்தான் சின்னப்பையன், தலை பூராவும் நரை.

"ஊறுகா இல்லாம இது எப்பிடிப்பா தொண்டையில எறங்கும்? உங்க ஓட்டல்ல அதெல்லாம் எங்க இருக்கப்போவுது!"

"இருக்குது சார்." வடுமாங்காய் வந்தது.

"லைட்டு என்னா இப்பிடி அழுவுது? திங்கறது கறியா கரித்துணியான்னே தெரியல."

பளிச்சென்று எல்லா விளக்கும் எரிந்தன. காலி மேஜைகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு அவரையே பார்த்தன.

"குளிருதுப்பா."

ஏ.சி. நின்றது. நின்றதும் இன்னும் நிசப்தமாகிவிட்டது. அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மேனேஜரைக் கூப்பிடு!"

"உள்ள கொஞ்சம் வேலையா இருக்காரு சார்."

எதிர் நாற்காலியைப் பார்த்தார். கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இந்த விலை எனக்குக் கட்டுப்படியாவாது. போய்ச் சொல்லு."

சின்னப்பையன் போனார், வந்தார். "நீங்க என்னா குடுத்தாலும் வாங்கிக்கச் சொல்லிட்டாரு சார்."

கோதண்டபாணியின் முகம் செத்துவிட்டது. பட்டு விற்றே நரைத்தவர். கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் சேலையை மடித்துக் கொடுத்தால், 'நீ நகர்ந்தால் போதும்' என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாதா?

முழு விலையையும் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் கடையில் ஒரு வழக்கம். பேரம் படியாத அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவாள். கடைசிப் படிக்குள் "அம்மா, வாங்க, பேசிக்கலாம்" என்று கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடாவிட்டால் இனிமேல் வராதே என்று சொன்ன மாதிரி.

செருப்பை நிதானமாக மாட்டினார். ஒரு படி இறங்கினார். தோள் துண்டை எடுத்து உதறினார். இன்னொரு படி. இருமினார். யாரும் கூப்பிடவில்லை. கேட்டருகே குனிந்து, அறுந்தே போகாத செருப்பு வாரை வெகுநேரம் சரிசெய்தார். ஓட்டலுக்குள் யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. நம்மைத்தான், வேறு யாரை!

இனி வியாழக்கிழமையும் மூடிய தட்டுதான். கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார்.

"சார்! சார்!" சின்னப்பையன் மூச்சிரைக்க ஓடிவந்து கேட்டை மறித்தார்.

"கோச்சுக்காம உள்ள வந்து குந்துங்க சார். மேனேஜர் உள்ள சமையக்காரனைத்தான் திட்டிக்கினு இருக்காரு, அவன் புது ஆளு. 'சாருக்கு மட்டும் வேகாமதான் போடணும், அப்பதான் மனுசன் ரொம்ப நேரம் நம்மகூட பேசிக்கினு இருப்பாரு'ன்னு மேனேஜர் படிச்சுப் படிச்சு சொல்லியும், பாவி, ஒழுங்கா சமைச்சுட்டான்!"