மூக்கடைத்த துரு டாக்டர்

பதுளைப் பக்கத்தில் அடுத்தவர் வீட்டு நெய்யை மோந்து பார்க்காமல் எந்த வாசலையும் தாண்டாத மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். ஸ்பிரிங்வெளியில் நான் வாத்தியாராக இருந்த தோட்டத்தின் மருந்துக்காரர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் வைத்த பெயர் துரு டாக்டர்.

காய்ச்சல் என்று போனால் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால், "வீட்டில நெய்யை எங்க வச்சிருக்கிறியள்?" என்பார். அடுப்புப் பக்கம் என்றால் போச்சு. நோயாளி நடுங்கிக்கொண்டிருக்க, பிரசங்கம் தொடங்கிவிடும்.

"காத்துப் பட்டா இரும்பு துருப்பிடிக்குதல்லோ? கொழுப்புக்கும் அப்பிடித்தான். சூடும் வெளிச்சமும் சேந்தா இன்னும் கெதியா. அந்தத் துருதான் சிக்கு வாடையா மூக்கில ஏறுது. உருக்கேக்குள்ளயே கராம்பும் கறிவேப்பிலையும் போடுங்கோ. காத்து கடிக்க வந்தா, கராம்பின்ர சத்து முன்னுக்குப் போய்க் கடி வாங்கும். கொழுப்பு தப்பும்."

ஒருநாள் துரையின் பங்களாவுக்கு ஊசி போடப் போனவர், வெண்ணெய்க் கிண்ணத்தில் தேயிலைக் கொழுந்தை அரைத்துக் கலந்துவிட்டு வந்தார். பச்சை வெண்ணெயைக் கண்ட துரைசாணியின் அலறல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டதாம்.

"தேயிலையிலயும் அந்தச் சத்து இருக்கு. விக்கிறவைக்கே தெரியாட்டி நான் என்ன செய்ய?" என்றார்.

அதைவிடப் பெரிய இடி என் கல்யாணத்தன்று, எங்கள் தோட்டத்திலேயே இருந்த பெண் வீட்டில் விழுந்தது. அப்பா ஹல்துமுல்லையில் பெரிய கங்காணி. பந்தியில் மாப்பிள்ளை வீட்டு நெய்தான் மணக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மாதக்கணக்கில் சேர்த்த நெய் டின், மூடி சரியாகப் பொருந்தாமல், லொறிக் கூரையில் வெயில் காய்ந்தபடி வந்து இறங்கியது. துரு டாக்டர் குனிந்தார். மோந்தார். சபை நடுவே அப்பாவைப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லும் குரலில் சொன்னார்:

"ஐயா, உங்கட கொழுப்பு எல்லை மீறிப் போச்சு."

மேளம் நின்றது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "யாருக்குய்யா கொழுப்பு? ஏங்க சம்பந்தி, ஆள வச்சு அவமானப்படுத்துறீங்களா? டேய், மாலையக் கழட்டு. போவோம்."

மாமனார் கும்பிட்ட கையோடு நின்றார். என் பக்கத்தில் மணப்பெண்ணின் மருதாணி விரல்கள் தன் மாலையை இறுகப் பற்றிக்கொண்டன.

துரு டாக்டர் அந்த விரல்களைப் பார்த்தார். மறுபடி குனிந்து மோந்தார்.

"நான் நெய்யைத்தான் சொன்னனான். அதுவும் பிழை. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. நெய் தங்கம் ஐயா."

அந்த மூக்கு அதுவரை தோற்றதே இல்லை. சபை கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்து உட்கார்ந்தார். மேளம் எழுந்தது.

தாலி கட்டியபின் சமையல் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். தன் வீட்டு இருட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்த நெய்யை அவர் கேசரிச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதில் கராம்பு மிதந்தது. அப்பாவின் டின் விளக்கெரிக்க ஒதுக்கப்பட்டிருந்தது.

"அதுலயும் கராம்பு போட்டா சரியாகாதுங்களா?"

"துருப்பிடிச்சதைத் திருப்ப ஏலாது தம்பி. முந்தியே தடுக்கத்தான் ஏலும். அப்பரிட்டச் சொல்லிப்போடாதையும்."

பந்தியில் அப்பா இலையை வழித்தார். "என் நெய்யி மணக்குது பாரு. இதப் போயி கெட்டதுன்னானே, மூக்கடச்சான்."

துரு டாக்டர் மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கேலி ஓயவில்லை. "தடிமன் விட்டுச்சாங்க டாக்டரு?" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள்கூடக் கேட்பார்கள். "இன்னும் இல்லை பிள்ளை" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு நடப்பார்.

என் மனைவி இன்றும் உருக்கிய நெய்யில் கராம்பை விடும்போது கேட்கிறாள்: "பாவம், இப்பவாவது அவருக்குத் தடிமன் விட்டிருக்குமாங்க?"